பார்த்ததை மட்டும் சொன்ன மனுஷன்

இப்போதெல்லாம் டிவியில் பந்து விளையாட்டு காட்டினால், ஆட்டத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம், நடுவில் கொஞ்ச நேரம், முடிந்த பிறகு இன்னும் கொஞ்ச நேரம் என்று நாலு பேர் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒருநாள் என் மகனிடம் கேட்டேன். "யாருடா இவனுங்க? ஆடறவன் ஆடிக்கிட்டு இருக்கான், இவனுங்களுக்கு என்னா வாய் ஓயாம?"

"இவங்கல்லாம் பழைய ஆட்டக்காரங்கம்மா. கால் போனதும் வாயால சம்பாதிக்கிறாங்க. ஆடுனப்ப வாங்குனத விட இப்பதான் சம்பளம் ஜாஸ்தி" என்றான்.

என்னவோ புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி சொல்கிறான். எங்கள் தோட்டத்தில், மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்டிருந்த காலத்திலேயே அப்படி ஒருத்தர் இருந்தார். அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். தோட்டத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. கேப்டன் என்பார்கள். வேலை வாங்குகிற மண்டோர் முதல் வெள்ளைக்காரத் துரை வரை எல்லோருக்கும் அவர் கேப்டன்தான். எனக்குக் கேப்டன் அண்ணன்.

லுக்குட்டிலிருந்து புக்கிட் பெலண்டோக் போகிற பக்கம், உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். ரப்பர் பால்மரம் முடிகிற இடத்தில் காடு ஆரம்பிக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திடலில் பந்து நடக்கும். கேப்டன் அண்ணன் ஆடிய காலத்தில் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லோரி பிடித்துக்கொண்டு வந்து பார்ப்பார்கள். சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் பந்தை வாங்கித் திரும்பினால் எதிரணிக்காரன் தானாக ஒதுங்கி வழி விடுவான். அப்படிப்பட்ட காலை ஒரு ஆட்டத்தில் எவனோ மிதித்து முட்டியைப் பெயர்த்துவிட்டான். மிதித்தவன் யார் என்று தோட்டமே கொதித்தது. பெயர் மட்டும் தெரிந்தால் அவன் லயத்துக்கே போய் உதைத்துவிட்டு வருவோம் என்று இளவட்டங்கள் நின்றார்கள். இவர் கட்டிலில் படுத்துக்கொண்டு, "நான் பந்தப் பாத்துக்கிட்டு இருந்தேன். மிதிச்சவனப் பாக்கல" என்றார். எத்தனை பேர் கேட்டாலும் அதே பதில். பார்த்தவர்கள் நாலு பேர் வந்து பெயரைச் சொன்னபோதும், "நீங்க பாத்தீங்க. நான் பாக்கலையே" என்றார். அது நல்ல மனசா, வீம்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அதுதான் அவர். கண்ணால் பார்க்காததைச் சொல்ல மாட்டார். காதால் கேட்காததைக் கேட்டேன் என்று சொல்ல மாட்டார். இது என்ன பெரிய குணம் என்று நினைப்பீர்கள். அப்படி ஒரு ஆளோடு ஒரே லயத்தில் குடியிருந்து பாருங்கள், அப்போது தெரியும்.

கால் போன பிறகு அவரை மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். கோயில் திருவிழாவுக்கு லுக்குட்டிலிருந்து வாடகைக்கு எடுக்கிற ஸ்பீக்கர் செட்டைப் பந்துக்கும் எடுத்தார்கள். ஆட்டக்காரர்கள் பெயரை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். இவர் வாசித்துவிட்டு மைக்கை விடவே இல்லை.

"பந்து இப்ப நம்ம ஆறுமுகம் கால்ல. ஓடுறான், ஓடுறான், நல்லா ஓடுறான்! டேய், எங்கடா ஓடுற, கோலு அந்தப் பக்கம் இருக்குடா! மண்டோர் கேக்குறாரு ஆறுமுகம், காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு வரும்போது இந்தக் கால் எங்க இருந்துச்சுன்னு கேக்குறாரு!"

ஆறுமுகம் என் தம்பி. இடதுபக்க ஓரத்தில் ஆடுவான். திடலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும், மண்டோரும் சிரிப்பார். பந்து என்றால் என்னவென்றே தெரியாத பொம்பளைகள் நாங்கள் அவர் பேச்சைக் கேட்கவே துணி துவைக்கிறதை விட்டுவிட்டுப் போவோம்.

ஆனால் அந்தக் கோப்பை ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வரும். பக்கத்துத் தோட்டத்தோடு கடைசி ஆட்டம். கோல் கம்பத்துக்கு வலை கிடையாது. நம் ஆள் அடித்த பந்து கம்பத்தை ஒட்டிப் போனது. உள்ளே போனதா வெளியே போனதா? ரெப்ரி லுக்குட் மலாய்க்காரர், அவருக்கும் சந்தேகம். கம்பத்துக்கு நேராக உட்கார்ந்திருந்தது கேப்டன் அண்ணன் ஒருத்தர்தான். ரெப்ரி அவரைப் பார்த்தார். திடல் முழுக்க அவரைப் பார்த்தது. மனுஷன் மைக்கில் சொல்கிறார்: "எனக்குக் கோல்கீப்பர் முதுகுதான் தெரிஞ்சுச்சு. பந்து எந்தப் பக்கம் போச்சுன்னு நான் பாக்கல."

கோல் இல்லை என்று ஊதிவிட்டார் ரெப்ரி. கோப்பை போய்விட்டது. சொந்தத் தோட்டத்துக்காரர்களே அவரை அடிக்கப் போனார்கள். என் அம்மா போய், "ஒரு வார்த்த சொன்னா நாக்கு அழுவிருமா, கேப்டன் தம்பி?" என்று கேட்டுவிட்டாள். அவர் கோபப்படவில்லை. "நாளைக்கு நான் நெசமாவே கோலுன்னு சொல்றப்ப நீங்க நம்பணுமில்லக்கா" என்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

கொஞ்ச நாளில் அவர் பேச்சு தோட்டத்தைத் தாண்டிப் பரவிவிட்டது. பெடாஸிலிருந்துகூட ஆள் வந்து தங்கள் ஆட்டத்துக்குப் பேசக் கூட்டிப் போனார்கள். லுக்குட்டில் தலைக்குப் போடுகிற எண்ணெய் விற்கிற முதலாளி ஒருத்தர், ஆட்டத்துக்கு நடுவில் தன் எண்ணெயைப் பற்றிப் பேசச் சொல்லி, கை நிறையக் கொடுக்கிறேன் என்றார். வேறு யாராவது என்றால் அன்றைக்கே பேசியிருப்பார்கள். இவர் ஒரு போத்தலை வாங்கிக்கொண்டு, "ஒரு மாசம் போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று வந்துவிட்டார். ஒரு மாதம் அவர் தலை பளபள என்று இருந்தது. பிறகு மைக்கில் சொன்னார்: "இந்த எண்ணெய நான் ஒரு மாசம் போட்டேன். வாசம் ரொம்ப நல்லாருக்கு. தலை குளுகுளுன்னு இருக்கு. முடி வளந்துச்சான்னு கேட்டா, அது அப்படியேதான் இருக்கு."

முதலாளி லுக்குட்டிலிருந்து சைக்கிளில் வந்து சண்டை போட்டார். ஆனால் அந்த வாரமே கடையில் எண்ணெய் தீர்ந்துவிட்டது. வாசம் நல்லாருக்கு என்று கேப்டன் சொன்னால் வாசம் நல்லாத்தானே இருக்கும் என்று எல்லோரும் வாங்கிவிட்டார்கள். நானும்தான் வாங்கினேன்.

என் கல்யாணமே அப்படித்தான் நடந்தது. பெடாஸ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாப்பிள்ளை வந்தபோது, அவர் பந்து ஆடுகிறவர் என்று தெரிந்து அம்மா கேப்டன் அண்ணனிடம் விசாரித்தாள். "வீட்டுல எப்படின்னு எனக்குத் தெரியாதுக்கா, நான் பாத்ததில்ல. திடல்ல பாத்திருக்கேன். பந்தத் தானே வச்சிக்கிட்டு ஆட மாட்டாரு. பக்கத்து ஆளுக்குக் குடுப்பாரு" என்றார். அதை வைத்துக்கொண்டு என்ன முடிவு எடுப்பது என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. அம்மா அந்த ஒரு வார்த்தைக்குத் தலையாட்டிவிட்டாள். கட்டிக்கொண்டு, அவரையும் எங்கள் தோட்டத்துக்கே வரவழைத்து, இத்தனை வருஷம் வாழ்ந்தேன். கேப்டன் அண்ணன் சொன்னதில் தப்பு இல்லை.

அப்புறம்தான் அரசாங்கத்துப் படவண்டி வந்தது. அவசரகாலம் ஆரம்பித்து, லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டு, எங்களை ஆடு மாடு மாதிரி உள்ளே அடைத்திருந்த சமயம். காட்டில் இருக்கிற கம்யூனிஸ்ட்டுக்காரர்களுக்கு நாங்கள் சோறு கொடுத்துவிடுவோமாம். விடிகாலையில் பால் வெட்டப் போகிற பொம்பளைகளைக் கேட்டில் நிறுத்தித் தடவிப் பார்ப்பார்கள். சோறு, ரொட்டி, ஒன்றும் வெளியே கொண்டுபோகக் கூடாது. தேத்தண்ணியில் சீனி அதிகமா என்றுகூட ஒருத்தி மூடியைத் திறந்து மோந்து பார்ப்பாள். வாயில் நல்லா வரும், அடக்கிக்கொள்வேன். வெறும் வயிற்றோடு மரம் வெட்டிவிட்டுத் திரும்பி வந்துதான் சாப்பாடு.

படவண்டியில் வந்த வெள்ளைக்கார ஆபீசர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேப்டன் அண்ணன் பேச்சைக் கேட்டார். தமிழ் தெரியாது அவருக்கு. ஆனால் கூட்டம் சிரிக்கிறதும் சத்தமில்லாமல் இருக்கிறதும் தெரிந்ததே. அந்த மாதமே வேலைக்கு எடுத்துக்கொண்டார். சம்பளம் எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற பெரிய கிராணியாரை விட அதிகம் என்று பேச்சு. கிராணியார் அதைக் கேட்டு ரெண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

அடேயப்பா, அதன் பிறகு கேப்டன் அண்ணனைப் பார்க்க வேண்டுமே! வெள்ளைச் சட்டை, கைக்கடிகாரம், பாலிஷ் போட்ட சப்பாத்து. நொண்டி நொண்டி நடந்தாலும் ஒரு மிடுக்கு இருக்கும். லுக்குட் கடைத்தெருவில் அவர் இறங்கினால் சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே போவார்கள். காப்பிக்கடைக்காரன் காசு வாங்க மாட்டான். கோலாலம்பூர் ரேடியோவில் ஒரு பெரிய ஆட்டத்துக்குப் பேசக் கூப்பிட்டார்கள். கிராணியார் வீட்டு ரேடியோவைச் சுற்றி லயமே உட்கார்ந்திருந்தோம். பாதி ஆட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. "மழ கொட்டுது. எனக்கு ஒண்ணும் தெரியல. தெரிஞ்சதும் சொல்றேன்" என்றார். அதோடு சத்தமே இல்லை. ரேடியோ கெட்டுப்போய்விட்டதென்று கிராணியார் அதன் தலையில் ரெண்டு தட்டு தட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆங், இப்ப தெரியுது" என்று குரல் வந்தது. நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அந்த மாதிரி சிரித்து அப்போது ரொம்ப நாள் ஆகியிருந்தது.

படவண்டி வேலை அப்படிச் சிரிக்கிற வேலை இல்லை. லயத்துக்கு நடுவில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். படத்துக்கு முன்னால் இவர் பேச வேண்டும். ஆபீசர் டைப் அடித்த தாளைக் கொடுப்பார். காட்டிலிருந்து இத்தனை பேர் வெளியே வந்துவிட்டார்கள், சரணடைந்தவர்களை அரசாங்கம் ஒன்றும் செய்யாது, நன்றாக வைத்துக்கொள்ளும், இப்படி இருக்கும். இவர் ஒரு எழுத்து விடாமல் வாசிப்பார். வாசித்துவிட்டுக் கடைசியில், "இப்படிப் பேப்பர்ல போட்டிருக்கு" என்பார். அவர் நேரில் பார்த்த சமாசாரமாக இருந்தால், "இத நான் பாத்தேன்" என்பார். ஆபீசருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எங்களுக்குத் தெரியும். எந்த ரோட்டில் பட்டாளம் நிற்கிறது, எந்தத் தோட்டத்தில் அரிசிப் பங்கைக் குறைத்திருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் நாங்கள் அவர் கடைசி வார்த்தைக்குத்தான் காத்திருப்போம். பேப்பர்ல போட்டிருக்கு என்றால் எழுந்து போய்விடுவோம். நான் பாத்தேன் என்றால், அது சத்தியம்.

என் தம்பி ஆறுமுகம் அப்போது காட்டில் இருந்தான். தொழிலாளர் சங்கத்து வேலைக்காக ஓடியாடிக்கொண்டிருந்த பையன். சங்கத்தைத் தடை செய்து ஆட்களைப் பிடிக்க ஆரம்பித்ததும், மண்டோர் ஒருத்தன் இவனையும் காட்டிக் கொடுத்துவிட்டான். பிடிபட்டால் என்ன ஆகுமோ என்று பயந்து காட்டுக்குள் ஓடிவிட்டான். துப்பாக்கி பிடிக்கவா போனான் அவன்? ஓடுவதற்கு வேறு இடம் இல்லாமல் போனான். அம்மா அதன் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. காட்டில் சுடப்பட்டவர்களை டவுனில் கொண்டுவந்து கிடத்தியிருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் போதும், நானும் அம்மாவும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவோம். ஒவ்வொரு முகமாகப் பார்ப்போம். நம் பிள்ளை இல்லை என்று தெரிந்ததும் வருகிற அந்த நிம்மதி இருக்கிறதே, அதை நினைத்து அழுகையாக வரும். அதுவும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே!

காட்டோரத்து மரங்களை வெட்டுகிற பொன்னம்மா அக்கா ஒருநாள் என்னை ஒதுக்குப்புறமாக இழுத்தாள். "ஒன் தம்பியப் பாத்தேன்டி. காய்ச்சல்ல எலும்பும் தோலுமா இருக்கான். வெளிய வரணும்னு ஆசைதானாம். வந்தா தூக்குல போட்டுருவாங்கன்னு பயப்படுறான். பேப்பர்ல போட்டிருக்குன்னு சொல்றதெல்லாம் வேணாம், கேப்டன் அண்ணன் பாத்தேன்னு சொன்னா வரேன்னு சொன்னான்."

அடுத்த தடவை வண்டி வந்தபோது நான் நேரே போய் நின்றேன். ஆபீசர் தள்ளி நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "அண்ணே, இன்னிக்குப் பேசும்போது அந்த ஒரு வார்த்தையச் சொல்லிருங்க. சரணடைஞ்சவங்க நல்லா இருக்காங்க, நான் பாத்தேன்னு. போதும்."

அவர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "நான் பாக்கலையே, புள்ள."

"நீங்க பாத்தீங்களா இல்லையான்னு யாருண்ணே வந்து கேக்கப் போறாங்க? என் தம்பி சாவப் போறான்!"

"நான் சொல்லி அவன் வந்து, அவனத் தூக்குல போட்டுட்டா?"

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது. "கோப்பையத்தான் தொலைச்சீங்க. இப்ப என் தம்பியயும் தொலைங்க. ஒங்களுக்கு ஒங்க வாய்தான் பெரிசு!" என்று கத்தினேன். ஆபீசர் திரும்பிப் பார்த்தார். கேப்டன் அண்ணன், "சத்தம் போடாத, புள்ள. கொஞ்ச நாள் குடு. நான் போய்ப் பாத்துட்டு வரேன்" என்றார். அன்றைக்கு வாசித்துவிட்டுப் பேப்பர்ல போட்டிருக்கு என்றுதான் முடித்தார். நான் எழுந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவர் ஆபீசரிடம் போய் நின்றது பிறகு தெரிந்தது. சரணடைந்தவர்களை என் கண்ணால் பார்க்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாராம். அவ்வளவு பெரிய சம்பளத்தை வைத்துக்கொண்டு அந்த வெள்ளைக்காரனிடம் அப்படிக் கேட்க யாருக்கு வரும்? அவன் திட்டினான், முறைத்தான், தள்ளிப் போட்டான். வாரம் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த நாட்களில் டவுனில் ரெண்டு தடவை பிணம் கிடத்தினார்கள். ரெண்டு தடவையும் போய்ப் பார்த்தோம். ரெண்டாவது தடவை அம்மா பாதி வழியில் ரோட்டோரமாக உட்கார்ந்துவிட்டாள். நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இல்லம்மா என்றேன்.

கடைசியில் அனுமதி கிடைத்தது. சிரம்பான் பக்கம் ஒரு முகாமுக்குக் கூட்டிப் போனார்களாம். திரும்பி வந்த அன்று சாயங்காலம் வண்டியைக் காட்டோரமாகவே கொண்டுபோகச் சொன்னார். தாள் எதுவும் கையில் இல்லை. கூரை மேல் இருந்த ஸ்பீக்கரில் அவர் பேசியது லயம் வரைக்கும் கேட்டது.

"ஆறுமுகம், கேப்டன் பேசுறேன். நேத்து நான் முகாமுக்குப் போனேன். காட்டுலருந்து வந்தவங்கள நான் பாத்தேன். ஒரு சீனப் பையன், ஒரு தமிழாள். அவங்களோட உக்காந்து சோறு சாப்ட்டேன். காய்ச்சலுக்கு மருந்து குடுக்குறாங்க, அதையும் பாத்தேன். உயிருக்கு ஒண்ணும் ஆகாது. இத நான் பாத்தேன். வாடா."

மறுநாள் காலை பெரட்டு நேரத்தில் தம்பி கையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்து நின்றான். அம்மா ஓடிப்போய்க் கம்பி வழியாக அவன் முகத்தைத் தொட்டாள். கேப்டன் அண்ணன் எங்களைத் தாண்டிப் போகும்போது நான் அவர் காலில் விழப் போனேன். "எந்திரி, எந்திரி, எல்லாரும் பாக்குறாங்க" என்று நொண்டிக்கொண்டே வேகமாகப் போய்விட்டார்.

அவர் சொன்னபடிதான் நடந்தது. தூக்கில் போடவில்லை, அடிக்கவில்லை, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்கள். மாதக்கணக்கில் முகாமில் வைத்திருந்துவிட்டு, ஒருநாள் சொல்லி அனுப்பினார்கள், உங்கள் பையன் இந்த ஊர்க்காரன் இல்லை, கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பப் போகிறோம் என்று. இந்த லயத்தில் பிறந்தவன். நாகப்பட்டினம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது.

நான் கேப்டன் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினேன். "இதையும் பாத்தீங்களாண்ணே? போய்ப் பாத்துட்டு வந்தீங்களே, கப்பலப் பாத்தீங்களா?" அவர் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார், லுக்குட்டுக்கு பஸ் பிடித்தார், போய் ஆபீசரிடம் மைக் பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அதோடு படவண்டி போச்சு, சம்பளம் போச்சு. ரேடியோக்காரர்கள் ரெண்டு தடவை ஆள் அனுப்பினார்கள், போகவில்லை. பிறகு ரொம்ப காலம் லுக்குட்டில் ஒரு லோரிக் கம்பெனி வாசலில் ஜாகாவாகக் காவல் வேலை பார்த்தார். அவர் யார் என்று தெரியாத பையன்கள் அவரை, "ஜாகா, கேட்டத் தொறலா" என்று கூப்பிடுவார்கள். திறந்துவிடுவார்.

கப்பல் புறப்படுகிற அன்றைக்கு அவரும் எங்களோடு கிள்ளான் துறைமுகத்துக்கு வந்தார். வாருங்கள் என்று நாங்கள் கூப்பிடவில்லை. பஸ்ஸ்டாப்பில் வந்து நின்றார், ஏறிக்கொண்டார். கிட்டே விடவில்லை எங்களை. வேலிக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள். கப்பல் ரெண்டு திடல் தூரத்தில் நின்றது. மேல் தட்டில் வரிசையாக ஆட்கள். தம்பியின் நீலச் சட்டையை அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். கையை ஆட்டினாள், அவனும் ஆட்டினான். அம்மா ஏதோ பேசினாள். அந்தக் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை, கப்பலுக்கு எங்கே கேட்கப் போகிறது?

கேப்டன் அண்ணன் முன்னால் வந்து வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "சொல்லுங்கக்கா. நான் சொல்றேன்."

"போனதும் பெரியப்பா வீட்டத் தேடிப் போவச் சொல்லு."

"ஆறுமுகம்! போனதும் பெரியப்பா வீட்டத் தேடிப் போவணுமாம்! அம்மா சொல்லுது!"

மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. திடலில் ஆடிய காலத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்துவாரே, அந்தக் குரல். துறைமுகத்துக் கூலிகள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெந்நி குடிக்கச் சொல்லு. காய்ச்சல் ஒடம்பு."

"வெந்நி குடிக்கணுமாம்!"

"யாரோடயும் சண்டைக்குப் போவ வேணாம்னு சொல்லு."

"சண்டைக்குப் போவாதடா! அம்மா சொல்லுது!"

அதற்கு மேல் அம்மாவுக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. கேப்டன் அண்ணன் காத்துக்கொண்டு நின்றார். மேலே தம்பி ரெண்டு கையையும் வாயருகே குவித்து ஏதோ கத்தினான். வாய் அசைகிறது தெரிந்தது. அந்த நேரம் பார்த்துக் கப்பல் ஊதிவிட்டது. ஊதி முடிந்தபோது அவனும் கத்தி முடித்திருந்தான்.

அம்மா கேப்டன் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னா சொல்றான், தம்பி? எம் புள்ள என்னா சொல்றான்?"

நான் அவர் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அந்த வயதில் என் காது நல்ல காது. எனக்கு ஊதுகிற சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. கேப்டன் அண்ணன் கப்பலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"இனிமே மரம் வெட்டப் போவாதம்மா, ஒனக்கு இடுப்பு முடியலன்னு சொல்றான். வீட்டுல இருக்கணுமாம். நேரத்துக்குச் சாப்புடணுமாம்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே தலையை ஆட்டினாள். "சரிய்யா, போவல. போவலன்னு சொல்லிரு." கேப்டன் அண்ணன் அதையும் கப்பலைப் பார்த்துக் கத்தினார். குரல் பாதியில் உடைந்துவிட்டது.

மறுவாரமே அம்மா பால் வெட்டுகிற கத்தியைத் தோட்டத்து ஆபீசில் கொடுத்துவிட்டாள். நானும் வீட்டுக்காரரும் எத்தனையோ தடவை சொல்லியும் கேட்காதவள், மகன் சொல்லிவிட்டான் என்று வீட்டில் உட்கார்ந்தாள். நேரத்துக்குச் சாப்பிட்டாள். தம்பி அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டான், திரும்பி வரவில்லை.

கேப்டன் அண்ணன் தீபாவளிக்குத் தீபாவளி எங்கள் வீட்டுக்கு வருவார். அம்மாவுக்கு வயதாகி எல்லாம் மறந்து போன பிறகும் வந்தார். வந்தவர் யார் என்று அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் அவரை உட்கார வைத்து ஒவ்வொரு வருஷமும் அந்தக் கதையைச் சொல்வாள். "எம் மவன் கப்பல்லருந்து கத்தினான்ய்யா, மரத்துக்குப் போவாதம்மான்னு. அவ்ளோ தூரத்துலருந்து! ஊருக்கே கேட்டுச்சு. ஒனக்குக் கேட்டுச்சா?"

கையில் முறுக்கோடு உட்கார்ந்திருக்கிற மனுஷன் ஒரு தடவை என்னைப் பார்ப்பார். நான் அடுப்பைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொள்வேன்.

"கேட்டுச்சும்மா" என்பார். "நல்லாக் கேட்டுச்சு."